பியெரோகி தட்டுல "ரஷ்யன்"னு எழுதி வச்சுட்டேன், கூட வேலை பாக்குற உக்ரைன் பொண்ணு சாப்பிடாம எழுந்து போயிட்டாங்க. என்ன பண்ணலாம்?

ஓட்ரா_கரை:

எல்லாருக்கும் வணக்கம். போலந்துல வ்ரோத்ஸ்வாஃப் ஊர்ல வேலை பாக்குறேன், வந்து மூணு வருஷம் ஆகப் போகுது. போன வியாழக்கிழமை ஆபீஸ்ல ஒண்ணு நடந்துச்சு, அதுல இருந்து மனசே சரியில்ல. இந்தப் பக்கம் ரொம்ப நாளா இருக்குறவங்க இங்க நிறைய பேர் இருக்கீங்க, அதான் உங்ககிட்ட கேக்குறேன்.

எங்க டீம்ல பதினாலு பேரு. பாதி போலந்துக்காரங்க, நாலு பேர் உக்ரைன், ஒருத்தர் பெலாருஸ், மிச்சம் நாங்க. டிசம்பர் வந்தா ஆளுக்கு ஒண்ணு வீட்ல செஞ்சு எடுத்துட்டு வந்து ஒண்ணா உக்காந்து சாப்பிடுறது வழக்கம். என் ஹவுஸ் ஓனரம்மாவுக்கு எழுபத தாண்டியிருக்கும், கீழ் வீட்லயே இருக்காங்க, இங்க பெரியவங்கள மரியாதையா கூப்பிடுற மாதிரி நானும் "பானி"ன்னு தான் கூப்பிடுவேன். விஷயத்த சொன்னதும் நீ ஒண்ணும் வாங்காத நான் பண்ணித் தரேன்னு முதல் நாள் சாயங்காலம் பூரா உக்காந்து அறுபது பியெரோகி மடிச்சுக் குடுத்தாங்க. தெரியாதவங்களுக்கு சொல்றேன், பாக்க நம்ம சோமாசி மாதிரியே பாதி நிலா வடிவம், ஆனா பொரிக்க மாட்டாங்க, கொதிக்கிற தண்ணில போட்டு மேல மெதந்து வந்ததும் அரிச்சு எடுப்பாங்க. உள்ள மசிச்ச உருளைக்கிழங்கு, த்வாரூக்னு பன்னீர் மாதிரி ஒரு சீஸ், நிறைய மிளகு, மேல வெண்ணெய்ல பொன்னிறமா வதக்கின வெங்காயம். இதுக்குப் பேரு "பியெரோகி ருஸ்கியே".

ஆபீஸ்ல ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னாடி இங்கிலீஷ்ல ஒரு சீட்டு எழுதி வைக்கணும், யாருக்காவது அலர்ஜி இருந்தா தெரியணும்ல. நான் ருஸ்கியேன்னா ரஷ்யன் தானேன்னு நினைச்சு, ஹோட்டல் மெனுலயும் அப்படி பாத்த ஞாபகம் இருந்துச்சு, "ரஷ்யன் பியெரோகி"ன்னு பெருசா எழுதி வச்சுட்டேன்.

எங்க டீம்ல ஒரு பொண்ணு உக்ரைன்ல இருக்குற கார்கிவ்ல இருந்து, ரஷ்யா போர் தொடுத்ததும் 2022 மார்ச்ல வந்தவங்க. அம்மா வர மாட்டேன்னு அங்கயே இருக்காங்க. அவங்க ஒரு பெரிய சட்டில போர்ஷ்னு பீட்ரூட் சூப்பு வச்சு, சூடு ஆறாம இருக்க துண்டால சுத்தி பஸ்ல தூக்கிட்டு வந்திருந்தாங்க. தட்ட எடுத்துக்கிட்டு வரிசையா வந்தவங்க என் சீட்டுகிட்ட நின்னாங்க, படிச்சாங்க, தட்ட அப்படியே வச்சுட்டு ஜன்னல் பக்கம் போய் நின்னுட்டாங்க. சத்தம் இல்ல ஒண்ணும் இல்ல. அந்த நேரம் பாத்து ஒரு போலந்து நண்பர் நல்ல மனசோட தான் சொன்னார், "போர்ஷ் எங்க வீட்லயும் வைப்போம், எல்லாம் ஒரே ஸ்லாவ் சாப்பாடு தானே"ன்னு. ஸ்லாவ்னா போலந்து, உக்ரைன், ரஷ்யா மாதிரி இந்தப் பக்கத்து சனங்களுக்கு எல்லாம் சேத்து ஒரு பேரு. அந்தப் பொண்ணு பதில் சொல்லல, திரும்பி வந்து சட்டிய மூடினாங்க, வேலை இருக்குன்னு கெளம்பிட்டாங்க.

நான் என்ன தப்பு பண்ணேன்னு பாதி புரியுது பாதி புரியல. ருஸ்கியேன்னா ரஷ்யா இல்லையா? எல்லாம் ஒரே சாப்பாடு தானேன்னு சொல்றது ஒற்றுமைக்காக சொல்றது தானே, அது ஏன் வலிக்குது? முக்கியமா, இப்ப போய் எப்படி பேசுறது? தயவுசெஞ்சு யாராவது சொல்லுங்க.

கிராகோவ்_பழசு:

தம்பி, நான் கிராகோவ்ல பதினோரு வருஷமா இருக்கேன். முதல்ல அந்த வார்த்தைய பாத்துருவோம், அதுல ஒரு பெரிய கதையே இருக்கு.

ருஸ்கியேன்னா ரஷ்யா இல்ல. போலிஷ்ல ரஷ்யாவோடதுன்னு சொல்லணும்னா "ரோஸிய்ஸ்கி"ன்னு வேற வார்த்தை. ருஸ்கியேங்கறது "ரூஸ்"ங்கற பழைய நாட்டோடது, கீவ் தலைநகரா இருந்த நாடு. அதோட மேற்கு மூலைக்கு, அதாவது லிவிவ் ஊர சுத்தின பகுதிக்கு, போலந்துல "சிவப்பு ரூஸ்"னு பேரு. 1340கள்ல போலந்து ராஜா காசிமிர் அத பிடிச்சாரு, அப்புறம் அது 1772 வரைக்கும் போலந்துக்குள்ள "ருஸ்கியே" மாகாணமாவே இருந்துச்சு. அந்தப் பக்கத்து பியெரோகி தான் பியெரோகி ருஸ்கியே. ஆக நீங்க ரஷ்யன்னு எழுதினது உண்மைல இன்னிக்கு உக்ரைன்ல இருக்குற ஊரோட பலகாரத்த தூக்கி ரஷ்யா பேர்ல எழுதிக் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. அந்தப் பொண்ணுக்கு அது எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நீங்க தெரிஞ்சு பண்ணல, மெனு கார்டுலயே அப்படி தப்பா மொழிபெயர்த்து வச்சிருக்கறத நானும் எத்தனையோ வாட்டி பாத்திருக்கேன்.

இதுல இன்னொரு சிக்கல், பேச்சுப் போலிஷ்ல "ருஸ்கி"ன்னா ரஷ்யாக்காரனையும் சோவியத்காரனையும் மட்டமா சொல்ற சொல்லாவும் ஓடுது. அதனால 2022 பிப்ரவரில போர் ஆரம்பிச்சதும் இங்க நிறைய ஹோட்டல்ல கரும்பலகைல ருஸ்கியேங்கறத அடிச்சுட்டு "உக்ரைன் பியெரோகி"ன்னு எழுதினாங்க, சில இடத்துல வம்பே வேணாம்னு "உருளைக்கிழங்கு சீஸ் பியெரோகி"ன்னு மட்டும். அதுக்கும் இங்க சண்டை வந்துச்சு தம்பி. ருஸ்கியேன்னா ரஷ்யா இல்லைன்னு தெரிஞ்ச வயசானவங்க எங்க அம்மா வச்ச பேர ஏன்டா மாத்துறீங்கன்னு கேட்டாங்க.

உங்க பானிகிட்ட அவங்க குடும்பம் எந்த ஊர்னு கேட்டீங்களா? நீங்க இருக்குறது வ்ரோத்ஸ்வாஃப். 1945 வரைக்கும் அது ப்ரெஸ்லாவ்ங்கற ஜெர்மன் ஊரு. போர் முடிஞ்சதும் எல்லைக் கோட்ட மொத்தமா மேற்கால தள்ளினாங்க, லிவிவ் சோவியத் உக்ரைன் கைக்குப் போச்சு, ஜெர்மன்காரங்கள வெளியேத்துனாங்க, லிவிவ் பக்கத்துப் போலந்துக்காரங்கள சாமான் சட்டோட ரயில்ல ஏத்திக் கொண்டாந்து உங்க ஊர்லயும் சுத்து வட்டாரத்துலயும் இறக்குனாங்க. உங்க ஊர் மார்க்கெட் சதுக்கத்துல நாற்காலில உக்காந்திருக்குற எழுத்தாளர் சிலை இருக்குல்ல, அதுவே லிவிவ்ல இருந்து வந்தது தான். 114 மீட்டர் நீளத்துக்கு வட்டமா ஒரு போர் ஓவியம் இருக்கே, அதுவும் அங்கருந்து வந்தது. பியெரோகி ருஸ்கியேவ நாடு பூரா பரப்புனதுல இந்த சனங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. பானி வீட்ல கிறிஸ்மஸுக்கு முதல் நாள் கோதுமை, கசகசா, தேன் போட்டு "கூட்யா" பண்றாங்களான்னு கேளுங்க. பண்ணாங்கன்னா பெரும்பாலும் அந்தப் பக்கத்து சனம் தான். கிராகோவ் வீடுகள்ல நான் அத சாப்பிட்டதே இல்ல.

ரெண்டு வீட்டுச் சாப்பாடும் ஒரே மண்ணுல இருந்து வந்திருக்கு, அந்த மண்ண விட்டு ஓடி வந்தவங்க தான் ரெண்டு பேருமே, வருஷம் தான் வேற வேற.

பிசோச்சின்_வரைக்கும்:

நான் கார்கிவ்ல மெடிசின் படிச்சவ. நாலாவது வருஷத்துல போர் வந்துச்சு. உங்க போஸ்ட படிச்சதும் கை நடுங்கிடுச்சு, அதான் எழுதுறேன், நீளமா போனா மன்னிச்சுக்கோங்க.

நீங்க கேட்டீங்கல்ல, எல்லாம் ஒரே சாப்பாடு தானேன்னு சொன்னா ஏன் வலிக்குதுன்னு. அத யாரு யாருகிட்ட எந்த நேரத்துல சொல்றாங்கன்னு பாக்கணும் சகோ. ரெண்டு பக்கத்து வீட்டுக்காரங்க சமமா உக்காந்து சொன்னா அது ஒற்றுமை. ஒருத்தர் வீட்ட இன்னொருத்தர் இடிச்சுக்கிட்டு இருக்கும்போது உன் வீடும் என் வீடும் ஒண்ணு தானேன்னு சொன்னா அது வேற. உக்ரைன்காரங்க காதுல "நாமெல்லாம் ஒரே சனம்"ங்கறது எவ்வளவோ காலமா விழுந்துட்டே இருக்கு, அதுக்கு அர்த்தம் உனக்குன்னு தனியா மொழி இல்ல பேர் இல்ல சமையல் இல்லன்னு தான். 1863லயும் 1876லயும் ரஷ்யாவோட ஜார் மன்னர் ஆட்சில உக்ரைன் மொழில பெரும்பாலான புத்தகங்கள அச்சடிக்கத் தடை போட்டாங்க. 1932-33ல ஸ்டாலின் ஆட்சில கிராமம் கிராமமா தானியத்த பறிச்சுட்டுப் போனதுல பசியாலயே 35 லட்சத்துக்கும் மேல செத்தாங்க, ஹொலோடொமோர்னு சொல்லுவாங்க. அதுல பலமா அடிபட்ட பகுதிகள்ல கார்கிவும் ஒண்ணு. அந்த ஊர்ப் பொண்ணுக்கு சாப்பாடுங்கறது வெறும் சாப்பாடு இல்ல. எங்க ஹாஸ்டல் கேன்டீன் பாட்டி மேசைல விழுந்த ரொட்டித் துணுக்கக்கூட விரலால ஒத்தி எடுத்து வாய்ல போட்டுக்குவாங்க, ஒரு நாள் ஏன்னு கேட்டேன், எங்கம்மா அப்படித்தான் பண்ணுவாங்கன்னு மட்டும் சொன்னாங்க.

அந்தப் பாட்டி போர்ஷ் வைக்கறத பக்கத்துலயே நின்னு பாத்திருக்கேன். எலும்போட மாட்டுக்கறிய ரெண்டு மூணு மணி நேரம் மெல்ல கொதிக்க விட்டு, அது ஒரு பக்கம். இன்னொரு சட்டில பன்னிக் கொழுப்புல வெங்காயம் கேரட் வதக்கி, பீட்ரூட்ட தீக்குச்சி மாதிரி நறுக்கிப் போட்டு, உடனே கொஞ்சம் வினிகர் ஊத்துவாங்க. புளிப்பு பட்டா தான் பீட்ரூட் நிறம் அப்படியே நிக்கும், இல்லன்னா வெளுத்துப் போய் பழுப்பாயிடும். அப்புறம் தக்காளி, உருளைக்கிழங்கு, முட்டைகோஸ், ஊற வச்சு வேக வச்ச வெள்ளை பீன்ஸ். இறக்கிட்டு பூண்ட உப்போட நசுக்கிப் போட்டு சதகுப்பைக் கீரை தூவி மூடி வச்சுட்டா, மறுநாள் தான் அது போர்ஷ்னு சொல்லுவாங்க. மேல ஒரு கரண்டி ஸ்மெதானா, அதாவது புளிப்பு கிரீம், பக்கத்துல பூண்டு எண்ணெய் தடவின பம்புஷ்கா பன். அடுத்த தெருப் பாட்டிகிட்ட கேட்டா பீன்ஸ் ஏன் போட்டன்னு சண்டைக்கு வருவாங்க. உக்ரைன்லயே பொல்தாவா பக்கம் மாவு உருண்டை போடுவாங்க, வேற இடத்துல காஞ்ச பேரிக்காய் போடுவாங்க.

2022 மார்ச் 2ஆம் தேதி இந்தியன் எம்பஸில இருந்து கார்கிவ விட்டு உடனே கெளம்புங்க, வண்டி கிடைக்கலன்னா நடந்தாவது பக்கத்துல இருக்குற பிசோச்சின் போய்ச் சேருங்கன்னு சொன்னாங்க. நடந்தோம். அந்தப் பாட்டி எங்ககூட வரல. கெளம்பும்போது ஊறுகாய் பாட்டில்ல போர்ஷ ஊத்தி மூடிக் குடுத்தாங்க. பனில நடந்து போய் அங்க ஒரு ரூம்ல ஆறு பேர் அத ஆளுக்கு ரெண்டு மடக்கு குடிச்சோம், ஐஸ் மாதிரி இருந்துச்சு. அதுக்கு மேல என்னால எழுத முடியல.

அந்த வருஷம் ஜூலை 1ஆம் தேதி யுனெஸ்கோ "உக்ரைன் போர்ஷ் சமைக்கும் பண்பாடு"ன்னு அவசரமா பாதுகாக்க வேண்டிய பட்டியல்ல சேத்தாங்க. மனுப் போட வச்சதுல யெவ்ஹென் கிளோபோதென்கோங்கற சமையல்காரர் முன்னால நின்னாரு. அதுக்கு முன்னாடி 2019லயே ரஷ்ய அரசோட ட்விட்டர் கணக்குல போர்ஷ் ரஷ்யாவோட பேர் பெற்ற சாப்பாடுன்னு போட்டு பெரிய சண்டையாச்சு. 2022 ஏப்ரல்ல ரஷ்ய வெளியுறவுத்துறை செய்தித் தொடர்பாளர், உக்ரைன்காரங்க போர்ஷ பங்கு போட்டுக்கக்கூட சம்மதிக்கலன்னு குத்தம் சொல்லி அத நாஜித்தனத்தோட சேத்துப் பேசினாங்க. ஊர் மேல குண்டு விழுந்துட்டு இருக்கும்போது!

உங்க நண்பர் சொன்னதுல கெட்ட எண்ணம் இல்லைன்னு எனக்குத் தெரியுது. ஆனா அவங்க காதுல அது இந்தக் குரல்ல தான் கேட்டிருக்கும்.

வோல்கா_ஓரம்:

நான் ரஷ்யாவுல வோல்கோகிராட்ல படிக்கிறேன். அக்கா எழுதினத மறுக்கல, படிச்சு கண்ணு கலங்கிடுச்சு. ஆனா இங்கருந்து ஒண்ணு சொல்லணும்.

நான் தங்கியிருக்குற வீட்டுப் பாட்டி ரஷ்யாக்காரங்க, வாரம் தவறாம போர்ஷ் வைக்கிறாங்க. அவங்க அம்மா பொல்தாவா பக்கத்துல பிறந்து கல்யாணம் பண்ணி இங்க வந்தவங்க. அம்மா கத்துக்குடுத்ததுன்னு தான் சொல்றாங்க. இப்ப இவங்க திருடினாங்கன்னு சொல்ல முடியுமா? சோவியத் காலத்துல ஃபேக்டரி கேன்டீன், ஸ்கூல், ராணுவம்னு எல்லா இடத்துலயும் போர்ஷ் போட்டுப் போட்டு ஒரு கண்டம் முழுக்க அது வீட்டு சாப்பாடு ஆயிடுச்சு. ரஷ்யாவோட பழைய சூப்புன்னா "ஷ்சீ", முட்டைகோஸ் சூப்பு, ஷ்சீயும் கஞ்சியும் தான் நம்ம சாப்பாடுன்னு பழமொழியே இருக்கு, அத இந்தப் பாட்டியே சொல்லுவாங்க. ஆனாலும் போர்ஷ் வாசனை வந்தா அவங்களுக்கு ஞாபகம் வர்றது அவங்க அம்மா. அரசாங்கம் பேசுறதையும் இந்தப் பாட்டியையும் ஒரே தட்டுல வைக்காதீங்க.

பிசோச்சின்_வரைக்கும்:

தம்பி, அந்தப் பாட்டி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. எங்க அம்மா பொல்தாவாக்காரங்க, இது அவங்க கை பக்குவம்னு அவங்களே சொல்றாங்கல்ல, அது போதும், உக்ரைன்காரங்க கேக்குறதும் அவ்வளவு தான். யுனெஸ்கோ பட்டியல்னாலே அது சொத்துப் பத்திரம் இல்ல, வேற யாரும் சமைக்கக் கூடாதுன்னு அர்த்தம் இல்லன்னு அவங்களே தெளிவா சொல்லியிருக்காங்க. சமைக்கிற ஊர் காலியாகுது, சனம் சிதறிப் போகுதுன்னு தான் அவசரமா சேத்தாங்க.

அப்புறம் போர்ஷ்ங்கற பேரே பீட்ரூட்டுக்கு முந்தினது, யாராவது இத சொல்லுவாங்கன்னு பாத்தேன். பாதையோரம் ஈரமான இடத்துல முளைக்கிற ஒரு காட்டுச் செடியோட பேரு அது, தண்டையும் இலையையும் புளிக்க வச்சு ஏழைங்க வச்ச சூப்பு தான் முதல் போர்ஷ். போலந்துல "பார்ஷ்ச்"ன்னு சொல்றதும் அதே செடி தான். அங்க கிறிஸ்மஸுக்கு வைக்கிறது தெளிவா கண்ணாடி மாதிரி செக்கச் செவேல்னு இருக்கும், கறி கிடையாது. பீட்ரூட்ட பூண்டு, பிரியாணி இலை, உப்புத் தண்ணியோட ஜாடில போட்டு ஒரு வாரம் போல புளிக்க வச்சு அந்தத் தண்ணில பண்றது. ஒரே வேர், ரெண்டு கிளை. ரெண்டையும் பேர் சொல்லி தனித்தனியா மதிச்சா யாருக்கும் குறைஞ்சு போகாது.

ஸாக்ரெப்_அடுப்படி:

நான் குரோவேஷியாவுல ஸாக்ரெப்ல ஒரு ஹோட்டல் கிச்சன்ல குக்கா இருக்கேன், நாலு வருஷம். இது தெற்கு ஸ்லாவ் பக்கம், இங்கயும் இதே கதை தான், ஆனா யூகோஸ்லாவியா உடைஞ்சப்ப வந்த போர் முடிஞ்சு முப்பது வருஷம் ஆனதுக்கப்புறம் எப்படி இருக்கும்னு இங்க பாக்கலாம், அதனால சொல்றேன்.

எங்க கிச்சன்ல மூணு பேர், செஃப் குரோவேஷியாக்காரர், மாவு வேலைக்கு இருக்குறவர் போஸ்னியா முஸ்லிம், இறைச்சி பாக்குறவர் செர்பியாக்காரர். மூணு பேரும் பேசுறது எனக்கு ஒரே மொழி மாதிரி தான் கேக்கும், ஆனா காபிக்கு ஒருத்தர் "காவா"ங்கறாரு, ஒருத்தர் "கஹ்வா"ங்கறாரு, ஒருத்தர் "காஃபா"ங்கறாரு. பிரெட்டுக்கு குரோவேஷியால "க்ரூஹ்", செர்பியால "ஹ்லெப்". 1990கள்ல போர் நடந்தப்ப எந்த வார்த்தைய சொல்லி பிரெட் கேக்குறன்னு வச்சே நீ எந்த ஆளுன்னு கண்டுபிடிச்சிருவாங்கன்னு செஃப் ஒரு தடவை சொன்னாரு. வந்த புதுசுல நான் தெரியாம மாத்தி மாத்தி சொல்லுவேன், வெளிநாட்டுக்காரன்னு விட்டுருவாங்க.

இப்ப புரெக் சண்டைய கேளுங்க. மாவ நம்ம பரோட்டா மாஸ்டர் வீசுற மாதிரி வீசி, மேசை அளவுக்கு பேப்பர் கணக்கா இழுத்து விரிச்சு, உள்ள வச்சு உருட்டி, பாம்பு சுருண்ட மாதிரி தட்டுல சுத்தி ஓவன்ல வைக்கிறது. போஸ்னியாக்காரருக்கு உள்ள கறி இருந்தா மட்டும் தான் அது புரெக். சீஸ் வச்சா "சிர்னிட்ஸா", கீரை வச்சா "ஸெல்யானிட்ஸா", உருளைக்கிழங்கு வச்சா "க்ரும்பிருஷா". ஸாக்ரெப் கஸ்டமர் வந்து சீஸ் புரெக் ஒண்ணுன்னு கேப்பாங்க, பில்லும் அப்படியே உள்ள வரும், அவரு ஒவ்வொரு தடவையும் "சிர்னிட்ஸா"ன்னு திருத்தி சத்தமா சொல்லிக்கிட்டே தான் தட்ட வெளிய தள்ளுவாரு. நாலு வருஷமா ஒரு நாள் கூட விட்டதில்ல. அது அடம் இல்லண்ணே, அவரு சின்ன வயசுல ஊர விட்டு ஓடி வந்தவரு, அவர்கிட்ட இருக்குறது அந்தப் பேரு தான்.

நாடுங்க லெவல்லயும் இருக்கு. தெரான்னு ஒரு சிவப்பு வைன். ஸ்லோவேனியா அது எங்க பேருன்னு யூரோப்பியன் யூனியன்ல பாதுகாப்பு வாங்கி வச்சிருந்துச்சு, 2013ல குரோவேஷியா உள்ள வந்ததும் எங்க இஸ்த்ரியாலயும் காலங்காலமா அதே பேர்ல பண்றோமேன்னு நின்னாங்க. 2017ல குரோவேஷியாவும் லேபிள்ல போடலாம்னு அனுமதி குடுத்தாங்க, ஸ்லோவேனியா கோர்ட்டுக்குப் போச்சு, 2020ல கேஸ் தள்ளுபடி.

ஆனா ஒரு பொருள் மட்டும் யாரும் சண்டை போடாம எல்லா அடுப்படிலயும் இருக்கு, வெகெட்டா. காஞ்ச காய்கறியும் உப்பும் கலந்த பொடி, நீல பாக்கெட். 1959ல குரோவேஷியாவுல கோப்ரிவ்னிட்ஸா ஊர் ஃபேக்டரில கண்டுபிடிச்சாங்க, பண்ண அம்மா ஸ்லாட்டா பார்ட்ல் போஸ்னியால பிறந்தவங்க. எங்க மூணு பேரும் வேற எதுல ஒத்துப் போகலன்னாலும் சூப்புல அத ஒரு கரண்டி போடுறதுல ஒத்துப் போவாங்க.

உங்க கேள்விக்கு என் பதில் இது தான். அந்தப் பொண்ணுகிட்ட நேரா போய் தெரியாம எழுதிட்டேன் மன்னிச்சுக்கோங்கன்னு சொல்லுங்க, நீட்டாதீங்க. அப்புறம் இது உங்க ஊர்ல என்ன பேருன்னு கேளுங்க. எங்க மாவு மாஸ்டர்கிட்ட நான் முதல் தடவை சிர்னிட்ஸா எப்படி இழுக்கறதுன்னு கேட்ட அன்னிக்கு தான் அவரு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாரு.

தாத்ரா_நடை:

சின்னதா ஒண்ணு. தாத்ரா மலைல போலந்துப் பக்கம் நடந்தா "ஓஸ்ட்சிபெக்"னு புகை போட்ட ஆட்டுப்பால் சீஸ், நூல் நூக்குற கதிர் மாதிரி ரெண்டு பக்கமும் கூம்பி, மர அச்சுல பூ வேலை பண்ணினது. கணவாய தாண்டி ஸ்லோவாக்கியா இறங்கினா "ஓஷ்டியெபொக்". ரெண்டு பேரும் சண்டை போட்டு, கடைசில 2008ல ரெண்டு பேருக்கும் தனித்தனியா யூரோப்பியன் யூனியன் பதிவு குடுத்துட்டாங்க. போலந்துதுல குறைஞ்சது 60 சதவீதம் செம்மறியாட்டுப் பால் இருக்கணும், ஸ்லோவாக்தை பசும்பால்லயும் பண்ணலாம். மேய்ப்பர் தலைவருக்கு ரெண்டு பக்கமும் "பாட்ஸா", "பாச்சா"ன்னு கிட்டத்தட்ட ஒரே பேரு. ரெண்டு பக்கமும் பண்ற இன்னொரு சீஸ் "பிரின்ட்ஸா", அந்தச் சொல்லு ருமேனியன், ஆடு ஓட்டிக்கிட்டு கார்பாத்தியன் மலை வழியா வந்த வ்லாக் சனம் கொண்டு வந்தது, ஸ்லாவ் சொல்லே இல்ல!

ஓட்ரா_கரை:

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. என்ன நடந்துச்சுன்னு சொல்லாம விட்டா நல்லா இருக்காது, அதான் திரும்ப வந்தேன்.

திங்கக்கிழமை காலைல முதல் வேலையா அவங்ககிட்ட போய் மன்னிப்புக் கேட்டேன். ருஸ்கியேன்னா என்னன்னு இப்ப தான் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னாங்க, அன்னிக்குக் காலைல அம்மா ஃபோன் எடுக்கலையாம், ராத்திரி பூரா அங்க சைரனாம், மத்தியானம் தான் லைன் கிடைச்சுச்சாம், அந்த நேரத்துல அந்த வார்த்தைய பாத்ததும் தாங்கலன்னு. கோவம் உங்க மேல இல்லைன்னாங்க. எங்க ஊர்ல அது வரெனிகி, வேக வைக்கிறதுனால அந்தப் பேரு, ஜூன் மாசத்துல புளிப்பு செர்ரி வச்சுப் பண்ணுவோம்னு அவங்களா சொன்னாங்க.

கிராகோவ் அண்ணன் சொன்ன மாதிரி பானிகிட்டயும் கேட்டேன். அவங்க அம்மா லிவிவ் பக்கம், 1946ல இருபது வயசுல ரயில்ல வந்தவங்க, கூட்யா பண்ணுவாங்களான்னா கண்டிப்பா பண்ணுவாங்களாம், இந்த ஊர்ல யாருக்கு ஒழுங்கா பண்ணத் தெரியுதுன்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க. நடந்தத சொன்னேன். அந்தப் பொண்ண ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வான்னுட்டாங்க.

வந்தாங்க. எல்லாம் இனிப்பா முடிஞ்சுச்சுன்னு சொன்னா அது பொய். ரெண்டு பேரும் போலிஷும் உக்ரைனும் கலந்து பேசுனாங்க, நான் பாதி தான் புரிஞ்சுக்கிட்டேன். உஷ்கா பண்ண உக்காந்தோம், காது மாதிரி குட்டியா காளான் வச்சு மடிச்சு கிறிஸ்மஸ் பார்ஷ்ச்ல போடுறது, உக்ரைன்ல அதுக்கு வுஷ்கான்னு பேரு, அர்த்தம் ரெண்டுலயும் "குட்டிக் காது" தான். பானி மாவு உருட்டிக்கிட்டே திடீர்னு அவங்க பெரியம்மா குடும்பத்தப் பத்தி சொன்னாங்க. இப்ப உக்ரைன்ல இருக்குற வோலின் பக்கத்துக் கிராமம், 1943ல உக்ரைன் ஆயுதக் குழு வந்து எல்லாரையும் கொன்னுட்டாங்க, குழந்தைங்க உட்பட. அந்த வருஷம் அங்க பல பத்தாயிரம் போலந்துக்காரங்கள அப்படி கொன்னிருக்காங்கன்னு நான் அப்புறம் தான் படிச்சேன். அந்தப் பொண்ணு கை அப்படியே நின்னுடுச்சு. எங்க ஸ்கூல்ல இதப் பத்தி ஒரு வரி தான் இருந்துச்சுன்னு மெதுவா சொன்னாங்க. 1947ல போலந்து அரசாங்கம் உக்ரைன் கிராமங்கள காலி பண்ணி இங்க மேற்குப் பக்கம் சிதற விட்டது பானிக்கும் தெரியும், அதையும் அவங்களே தான் எடுத்துப் பேசினாங்க. அப்புறம் 2023ல உக்ரைன் தானியத்த உள்ள விட மாட்டோம்னு போலந்து தடை போட்டது, மறு வருஷம் பார்டர்ல விவசாயிங்க லாரிய மறிச்சு தானியத்த ரோட்டுல கொட்டுனது வரைக்கும் வந்துடுச்சு பேச்சு. அதுல ரெண்டு பேர் குரலும் ஏறிச்சு. பானி தம்பி மகன் விவசாயி, விலை கிடைக்காம கடன்ல இருக்கான், அத சொன்னாங்க. அந்தப் பொண்ணு ரோட்டுல கொட்டுன கோதுமைய டிவில பாத்து எங்க பாட்டி அழுதாங்கன்னு சொன்னாங்க. யாரும் யாரையும் சமாதானப்படுத்தல. அடுப்புல தண்ணி கொதிச்சு வழிஞ்சதும் தான் எழுந்தோம்.

ஆனா ஒண்ணு பாத்தேன். மாவ நாலு மூலையா வெட்டி, முக்கோணமா மடிச்சு, ரெண்டு முனையையும் சுண்டு விரல சுத்திக் கொண்டு வந்து ஒட்டணும், எனக்கு ஒவ்வொண்ணும் பிஞ்சு பிஞ்சு போச்சு. அவங்க ரெண்டு பேரும் பாக்காமலே ஒரே மாதிரி விரல சுத்துறாங்க, பானி அது எங்கம்மா மடிக்கிற மாதிரியே இருக்கேன்னு அந்தப் பொண்ணு கையப் பிடிச்சுத் திருப்பிப் பாத்தாங்க.

அவங்க வீட்ல முன்னாடி ஜனவரி 6 ராத்திரி தான் அந்த விருந்து, 2023ல இருந்து உக்ரைன்ல கிறிஸ்மஸ டிசம்பர் 25க்கு மாத்திட்டதால இப்ப ரெண்டு பேருக்கும் 24ஆம் தேதியே. பன்னெண்டு வகை, மேசைவிரிப்புக்குக் கீழ வைக்கோல், முதல் நட்சத்திரம் வந்ததும் சாப்பாடு, எல்லாம் ரெண்டு வீட்லயும் உண்டு. போலந்துல எதிர்பாராம வர்ற விருந்தாளிக்குன்னு ஒரு தட்டு காலியா வைப்பாங்க. 24ஆம் தேதி இங்கயே வந்துடுன்னு பானி சொல்லியிருக்காங்க. அம்மாவோட அந்த நேரத்துல வீடியோ கால் பேசணும்னு அவங்க இன்னும் பதில் சொல்லல. கூட்யாக்கு கோதுமை நான் வாங்கித் தரேன்னு மட்டும் சொல்லியிருக்காங்க, உக்ரைன் கடைல தோல் நீக்கின கோதுமை கிடைக்குமாம், இங்க கிடைக்கிறது சரியா வேகாதாம். பானி காஞ்ச காளான் அரை கிலோ கேட்டிருக்காங்க, நாளைக்கு சந்தைக்குப் போறேன்.

ஆபீஸ் பியெரோகி இன்னும் ஒரு டப்பா ஃப்ரீசர்ல இருக்கு. அதுல ஒட்டியிருந்த சீட்ட அந்தப் பொண்ணு கிழிச்சுட்டு வேற ஒண்ணு எழுதி ஒட்டிட்டுப் போனாங்க, பானியோட பேரும் "லிவிவ்"னு ஊர் பேரும்.